வர்க்கலாவில் ஜோடியாக ஹாஸ்டல் வாசம்: முதன்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஹாஸ்டல் என்றதும் நம் ஆட்களுக்குக் கல்லூரி விடுதியும் வார்டனும் தண்ணிச் சாம்பாரும்தான் கண்முன் வரும். பயணிகள் ஹாஸ்டல் வேறு சங்கதி. ஓர் அறையில் ஆறு பேரோ எட்டுப் பேரோ, ஆளுக்கொரு படுக்கை, ஆளுக்கொரு லாக்கர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கூடம். ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், நடைப்பயணம் போகும் மாணவர்கள் மலிவாகத் தங்கட்டும் என்று 1912இல் ஆல்டெனா கோட்டையில் ஏற்படுத்தியதுதான் இதற்கெல்லாம் மூத்தது. நம் நாட்டில் 2013இல் ஜோத்பூரில் ஸாஸ்டல் என்ற ஹாஸ்டல் நிறுவனம் தொடங்கிய பிறகுதான் இந்த வழக்கம் வேகம் பிடித்தது. இன்று கோகர்ணா, கோவா, வர்க்கலா என்று கடலோர ஊர்களில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

இதெல்லாம் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை மனதில் வைத்து உருவான ஏற்பாடு. ஜோடியாகப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஹோட்டலில் இருப்பது போலவே மூலையில் ஒட்டி உட்கார்ந்து, இருவருக்குள்ளேயே பேசி, இருவருக்குள்ளேயே சலித்து, ‘ஹோட்டலுக்கே போயிருக்கலாம்’ என்று திரும்புகிறார்கள். ஹாஸ்டலில் நீங்கள் காசு கொடுப்பது மெத்தைக்கு மட்டுமல்ல, அந்தக் கூடத்துக்கும் சேர்த்துத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடலோர ஊர்களில் வர்க்கலாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. தமிழ்நாட்டிலிருந்து ஒரே இரவு ரயிலில் போய்விடலாம். முதல் அனுபவம் பிடிக்காவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

வர்க்கலா திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது கடல் முரட்டுத்தனமாக இருக்கும், மணல்வெளியின் பெரும்பகுதியை அலை எடுத்துக்கொள்ளும், கடலோரக் குன்றின் மேலுள்ள கடைகள் பலவும் மூடியிருக்கும். வாடகை குறைவு என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான். அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை: காலையில் வெயில் காயும், மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச்சில் புழுக்கம் தொடங்கிவிடும்.

அந்த நல்ல காலத்திலும் டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை, ஸ்ரீநாராயண குருவின் சமாதி இருக்கும் சிவகிரிக்கு யாத்திரை. மஞ்சள் உடுத்திய பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், புத்தாண்டுக் கூட்டமும் அதோடு சேரும். ரயிலிலும் இடம் கிடைக்காது, ஊரிலும் கிடைக்காது. ஆடி அமாவாசையும் அப்படித்தான். கேரளத்தில் அது கர்க்கடக வாவு. வர்க்கலாவின் பாபநாசம் கடற்கரை முழுக்கப் பிதுர் தர்ப்பணம் நடக்கும் நாள் அது, உல்லாசத்துக்கு உரிய நாள் அல்ல. பொங்கல் விடுமுறையில் நம் ஊர்க்காரர்களே நிரம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பொங்கல் கழிந்த பிறகு, ஒரு ஞாயிறு மாலை ஏறி வியாழன் திரும்புவதுதான் உத்தமம். வார நாட்களில் வாடகையும் இறங்கும், கூட்டமும் இறங்கும்.

படி 2: ரயில் டிக்கெட்டை முதலில் எடுங்கள்

ஹாஸ்டல் படுக்கை கடைசி வாரத்தில்கூடக் கிடைக்கும். ரயில் படுக்கை கிடைக்காது. முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். நிலையத்தின் பெயர் ‘வர்க்கலா சிவகிரி’. சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் போகும் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாக மறுநாள் நண்பகல் வாக்கில் வர்க்கலாவில் இறக்கிவிடும். சென்னை சென்ட்ரலிலிருந்து பாலக்காடு, எர்ணாகுளம் சுற்றி வரும் திருவனந்தபுரம் மெயிலும் உண்டு. தென்மாவட்டத்துக்காரர்கள் திருவனந்தபுரம் வரை கிடைத்த வண்டியில் வந்து, அங்கிருந்து கொல்லம் பக்கம் போகும் எந்தப் பாசஞ்சரில் ஏறினாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடலாம்.

நிலையத்திலிருந்து கடற்கரை மூன்று கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோக்காரரிடம் ஹாஸ்டல் பெயரைச் சொல்வதைவிட ‘ஹெலிபேடு’, ‘நார்த் கிளிஃப்’, ‘டெம்பிள் ஜங்ஷன்’ என்று இடத்தைச் சொன்னால் குழப்பம் இருக்காது. பேரத்தை ஆட்டோவில் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். ‘சேட்டா’ என்று தொடங்கினால் போதும். தமிழ் நன்றாகவே புரியும் அவர்களுக்கு.

படி 3: டார்மா, தனியறையா? கணக்குப் போடுங்கள்

தனி ஆளுக்கு டார்ம், அதாவது பலர் சேர்ந்து படுக்கும் பொது அறை, மலிவு. அதில் சந்தேகமே இல்லை. இருவர் என்றதும் கணக்கு மாறுகிறது. படுக்கை ஒன்று 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருவருக்கு 1400. அதே தெருவில் வீட்டோடு சேர்ந்த ஹோம்ஸ்டேயில் தனியறை அந்த விலையை ஒட்டியே கிடைக்கக்கூடும். ஆகவே, காசு மிச்சம் பிடிப்பதற்காக ஜோடியாக டார்மில் படுக்கிறோம் என்பது பாதி நேரம் வெறும் நம்பிக்கைதான்.

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லா இரவும் டார்ம். இரண்டு, ஹாஸ்டலுக்குள்ளேயே இருக்கும் தனியறை. பல ஹாஸ்டல்களில் இப்படி இரண்டு மூன்று அறைகள் வைத்திருப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். கூடம் வேண்டும், கதவைச் சாத்தவும் வேண்டும் என்கிற ஜோடிக்கு இதுதான் சரி. மூன்றாவது, இரண்டையும் கலப்பது: முதல் ஓரிரு இரவு டார்ம், மீதி தனியறை. எனக்கு இது பிடிக்கும். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். தனியறையில் சொகுசாக இருந்துவிட்டு டார்முக்கு இறங்குவது யாருக்கும் முடியாத காரியம். தவிர, டார்மில் நாலு பேர் பழக்கமாகிவிட்டால் பிறகு தனியறைக்குப் போனாலும் கூடத்துக்கு வந்து உட்காரத் தோன்றும்.

டார்ம் எடுப்பதானால் நான்கு படுக்கை உள்ளதைத் தேடுங்கள். இருவருமே பாதி அறை ஆகிவிடுவீர்கள். மேல் பங்க், கீழ் பங்க் இரண்டும் ஒரே கட்டிலாகக் கேளுங்கள். இரவில் அடிக்கடி எழுகிறவர் கீழே. மேலே ஏறும் இரும்பு ஏணி வெறுங்காலுக்கு எவ்வளவு உறுத்தும் என்பது இரவு இரண்டு மணிக்குத்தான் தெரியும். படத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: படுக்கைக்குத் திரைச்சீலை இருக்கிறதா, தலைமாட்டில் தனி விளக்கும் பிளக் பாயின்ட்டும் இருக்கிறதா, லாக்கர் பை போகிற அளவா இல்லை செருப்பு போகிற அளவா.

பெண்களுக்கென்று தனி டார்ம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. மனைவி அங்கே, கணவர் பொது டார்மில். ‘இதற்காகவா ஜோடியாக வந்தோம்’ என்று முதலில் தோன்றும். ஆனால் மறுநாள் காலை உணவுக்கு இருவரும் இரண்டு விதமான கதைகளோடு வருவீர்கள். குறட்டை விடுகிற கணவர் என்றால் கூடுதல் லாபம்.

ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். டார்மில் ஒரு படுக்கைக்கு ஓர் ஆள்தான். திரையை இழுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். இரும்புக் கட்டில் காட்டிக்கொடுக்கும், எட்டுப் பேருக்கும் கேட்கும். அந்தரங்கம் வேண்டுமென்றால் தனியறைக்குக் காசு கொடுப்பதுதான் மரியாதை.

படி 4: புக் செய்யும் முன் ஒரு செய்தி அனுப்புங்கள்

பல ஹாஸ்டல்களில் ‘லோக்கல் ஐடி’ கட்டுப்பாடு உண்டு. அதே ஊர், அதே மாவட்ட முகவரியுள்ள அடையாள அட்டையோடு வருகிறவர்களுக்கு இடம் தரமாட்டார்கள். திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிற தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இருவருமே ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோங்கள். பான் அட்டையில் முகவரி இல்லை என்பதால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

‘கல்யாணம் ஆகிவிட்டதா’ என்ற கேள்விக்கு வருவோம். வயதுவந்த இருவர், மணமாகாதவர்களானாலும், ஒரே அறையில் தங்கக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் எதுவும் இல்லை. கோவையில் ஒரு தங்கும் விடுதிக்குச் சீல் வைத்த வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. ஆனால் இடத்துக்காரர் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினால், பையோடு நின்றுகொண்டு தீர்ப்பை வாசித்துக் காட்டிப் பயனில்லை. ஆகவே முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். அதே செய்தியில் மற்றதையும் கேட்டுவிடலாம்: ஏசி நாள் முழுக்கவா, இரவு மட்டுமா? செக்-அவுட்டுக்குப் பிறகு பையை வைத்துவிட்டுப் போகலாமா, குளிக்கலாமா? இரவு பத்துக்கு மேல் பாட்டு உண்டா? குன்றிலிருந்து ஹாஸ்டலுக்கு வரும் பாதையில் விளக்கு இருக்கிறதா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வர்க்கலாவில் அதுதான் முக்கியம்.

படி 5: இரண்டு பை, ஒரே பட்டியல்

ஆளுக்கு 40 லிட்டர் பை தாராளம். ஏழு கிலோவைத் தாண்டினால் எதையோ அநாவசியமாகத் திணித்திருக்கிறீர்கள். இருவரும் தனித்தனியாகக் கட்டினால் பற்பசையிலிருந்து பாராசிட்டமால் வரை எல்லாம் இரண்டிரண்டாக வரும். பொதுச் சாமான்களை ஒருவர் பையில் போடுங்கள், துணியில் கொஞ்சத்தை மற்றவர் சுமக்கட்டும்.

தடித்த டர்க்கி டவலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கடற்கரை ஈரத்தில் அது காயவே காயாது, இரண்டாம் நாள் நாறும். நம் ஈரிழைத் துண்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். கூடவே ஆளுக்கொரு கைலி, நெல்லைப் பக்கம் சொல்கிற சாரம். மணலில் விரிக்க, உடை மாற்ற, ஏசி குளிருக்குப் போர்த்திக்கொள்ள, திரையில்லாத கீழ் பங்க்கில் மேல் மெத்தைக்கடியில் செருகித் தொங்கவிட என்று இத்தனைக்கும் ஆகிற வேறொரு துணியை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்காரர்கள் இதற்கென்றே நாலு விதமான சாமான் வாங்கி வருவார்கள்.

நல்ல பூட்டு ஒன்று, லாக்கருக்கு. காதுக்கு அடைப்பான். இரண்டு முனையுள்ள சார்ஜர். ஒரு துணிக் கயிறு. நிறைய பேர் மறப்பது ரப்பர் செருப்பு. பொதுக் குளியலறைக்கு அது இல்லாமல் போகாதீர்கள்.

நகை விஷயம். தங்கச் சங்கிலியோடு கடலில் இறங்குவது அலைக்குத் தானம் செய்வதற்குச் சமம். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள், ஊரிலிருந்து கிளம்பும்போதே சங்கிலியை எடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தால் நிம்மதியாகக் குளிக்கலாம்.

படி 6: முதல் நாள், டார்ம் நாகரிகம்

உள்ளே நுழைந்ததும் படுக்கையைக் கைப்பற்றுங்கள், லாக்கரைப் பூட்டுங்கள், அன்று இரவுக்கு வேண்டியதை மட்டும் தலைமாட்டில் எடுத்து வையுங்கள். காரணம் இருக்கிறது. டார்மில் மனிதர் செய்யக்கூடிய பெரும் பாவம் குறட்டையல்ல, அது தன்னையறியாமல் வருவது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவர் எழுந்து பாலிதீன் பைக்குள் கைவிட்டு எதையோ தேடுவார். சரசர. நிறுத்துவார். எல்லோரும் தூங்கட்டும் என்று இன்னும் மெதுவாகத் தேடுவார். சரசரவென்ற சத்தம் இப்போது நீண்டு ஒலிக்கும். பிறகு ஒரு ஜிப், பல் பல்லாக, அரை நிமிடம். அறை முழுக்க விழித்துக்கொண்டு, யாரும் எதுவும் சொல்லாமல் படுத்திருக்கும். அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டாம். அதிகாலையில் கிளம்புவதானால் இரவே மூட்டையைக் கட்டி வெளியே கூடத்தில் வைத்துவிடுங்கள்.

ஜோடிகளுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை: குசுகுசுவென்று பேசாதீர்கள். மேல் பங்க்கும் கீழ் பங்க்கும் கிசுகிசுப்பது, வீட்டில் சத்தமாகப் பேசுவதைவிட அதிகம் உறுத்தும். அதைவிட மோசம், டார்முக்குள் சண்டை. பேச வேண்டியது இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள்.

படி 7: கூடத்தில் உட்காருங்கள், சேர்ந்தே உட்காராதீர்கள்

முதல் மாலை கூடத்துக்கு வருகிற ஜோடி வழக்கமாக இருவர் உட்காரும் சோபாவாகப் பார்த்து அடைந்துகொள்ளும். இரண்டு பேரும் போனில். மற்றவர்கள் ‘பாவம், தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று விலகிவிடுவார்கள். இதை உடைப்பது எளிது. பெரிய மேசையில் எதிரெதிராக உட்காருங்கள். பக்கத்தில் வருகிறவர் உங்கள் இருவரில் ஒருவரோடு பேசாமல் தப்ப முடியாது. சீட்டுக்கட்டு கொண்டுபோங்கள். கழுதை ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும், மொழி தேவையில்லை.

இன்னொன்று: தினமும் ஓர் அரைநாள் பிரிந்திருங்கள். ஒருவர் யோகா வகுப்புக்கோ சர்ஃபிங் பழகவோ போகட்டும், மற்றவர் தூங்கட்டும், படிக்கட்டும், சிவகிரி வரை போய்வரட்டும். தேனிலவுக்கு வந்தவர்களிடம் இதைச் சொன்னால் முறைப்பார்கள். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் தோளோடு தோள் ஒட்டியிருந்தால் மூன்றாம் நாள் பேச எதுவும் மிஞ்சாது.

படி 8: கடலையும் குன்றையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்

வர்க்கலாவின் தனிச்சிறப்பு அந்தக் குன்றுதான். தென்கேரளக் கரை பெரும்பாலும் தட்டை. இங்கே மட்டும் செம்மண் சுவர் எழுப்பியதுபோலக் கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதைப் புவியியல் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகக் குறித்திருக்கிறது. மேலே செம்பூராங்கல், அதற்கடியில் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக. மழைநீர் மேலடுக்கு வழியாக இறங்கி, களிமண்ணுக்குள் போக முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. கீழே அலை அரிக்கிறது, உள்ளே நீர் இளக்குகிறது, மேலே கட்டடமும் கூட்டமும் அழுத்துகின்றன. ஆகவே அவ்வப்போது ஒரு பாளம் பெயர்ந்து விழும்.

இதிலிருந்து இரண்டு பாடம். மதிய வெயிலுக்குக் குன்றின் அடியில் நிழல் தேடிப் படுக்காதீர்கள். அங்கே நிழல் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. இரண்டாவது, மேலே ஓடும் நடைபாதையில் சில இடங்களில் தடுப்பு இல்லை. பகலில் அழகான பாதை, இருட்டில் ஒரு பக்கம் வெறும் காற்று. குடித்துவிட்டு அந்தப் பாதையில் வரவே வராதீர்கள். செல்ஃபிக்காக ஓரத்துக்குப் போகிறவரைப் பிடித்து இழுப்பது ஜோடியில் மற்றவரின் கடமை.

கடற்கரைகள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே, ஜனார்த்தன சுவாமி கோயிலிலிருந்து இறங்கினால் பாபநாசம். தர்ப்பணம் கொடுக்கிறவர்களும் சாம்பல் கரைக்கிறவர்களும் வருமிடம், அங்கே அதற்கேற்ற உடையும் அடக்கமும் வேண்டும். நீச்சலுடை, குளியல் எல்லாம் கொஞ்சம் வடக்கே தள்ளி. இன்னும் வடக்கே போனால் கருமணல் தெரியும் பிளாக் பீச், பிறகு ஓடயம், இடவா, காப்பில். வடக்கே போகப் போகக் கூட்டம் குறையும், கடல் காவலர்களும் குறைவார்கள். முதல்முறை இறங்குகிறவர்கள் காவலர் இருக்கும் இடத்திலேயே குளியுங்கள். அவர் விசில் அடித்தால் விவாதிக்காமல் ஏறிவிடுங்கள்.

மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அலை கரைக்குக் கொண்டுவருகிற தண்ணீர் எங்காவது ஒரு குறுகிய வழியில் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வழியில் அலை உடையாது. இரு பக்கமும் நுரை பொங்கும்போது நடுவில் மட்டும் தண்ணீர் கருத்து, அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் ‘இங்கேதான் அலை இல்லை’ என்று அங்கேயே இறங்குவார்கள். இழுத்துக்கொண்டு போகிற இடம் அதுதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், கை ஓய்ந்துவிடும். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலகி, அலை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு ஏறுங்கள். துணை இழுக்கப்படுவதைப் பார்த்ததும் பின்னாலேயே குதிப்பதுதான் ஜோடிகள் செய்யும் தவறு. ஓடிப்போய்க் காவலரை அழையுங்கள், மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள். அவசர எண் 112.

வெயில் சாதாரணமல்ல. பதினொன்றிலிருந்து மூன்று வரை கூடமே கதி என்றிருங்கள். நம் நிறத்துக்குச் சன்ஸ்கிரீன் தேவையில்லை என்பவர்கள் மறுநாள் முதுகில் பையை மாட்டும்போது மனம் மாறுவார்கள்.

கிழக்குக் கரைக்காரர்களுக்கு இங்கே ஒரு புதுமை: சூரியன் கடலுக்குள் இறங்கும். டிசம்பரில் ஆறிலிருந்து ஆறேகாலுக்குள், பிப்ரவரியில் ஆறரைக்கு. கால் மணி முன்னதாகவே வடக்குக் குன்றின் ஓரத்தில் இடம் பிடித்துவிடுங்கள்.

படி 9: எங்கே சாப்பிடுவது

குன்றின் மேல் வரிசையாக உணவகங்கள். கடலைப் பார்த்த நாற்காலிக்கும் சேர்த்துத்தான் பில் வரும். மாலையானால் வாசலில் பனிக்கட்டி பரப்பி அன்றைய மீனை அடுக்கிவிடுவார்கள்: நெய்மீன், பாறை, வௌவால், கணவாய், ஒன்றிரண்டு சிங்கி இறால். இங்கே பேரம் ஒரு கலை. கிலோ விலையைக் கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் காட்டிய மீனை உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள், அந்த விலையில் சமைக்கிற கூலி, வறுவலோ, வாழையிலையில் சுற்றிச் சுடும் பொள்ளிச்சதோ அது, கூட வரும் சோறு அல்லது சப்பாத்தி, வரி எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் அன்றையது, பழுப்பென்றால் நேற்றையது. நாம் செவுளைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் கடைக்காரர் தொனி மாறிவிடும். தூத்துக்குடி, நாகை ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இது ஒரு நாளைக்குப் போதும். மற்ற வேளைக்கு டெம்பிள் ஜங்ஷனுக்கோ ஊர் நடுவில் ‘மைதானம்’ என்ற இடத்தின் பக்கமோ போங்கள். காலையில் புட்டும் கடலையும், மதியம் மீன் குழம்போடு ஊணு, மாலையில் மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும். குன்றின் விலையில் பாதிகூட ஆகாது. மாதத்தின் 1ஆம் தேதி கேரளத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும். கஞ்சா விற்க யாராவது காதோடு வந்து கேட்டால் நிற்காமல் நடங்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் சுற்றுலாப் பயணிக்குச் சலுகை காட்டாது.

படி 10: ஒரு நாள் வெளியே போங்கள்

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதானால் எண் பலகையைப் பாருங்கள். கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் முறையான வாடகை வண்டி. வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கீறலுக்கெல்லாம் பிறகு கணக்குக் கேட்கமாட்டார்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 2023 முதல் கேரளச் சாலைகளில் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

வடக்கே காப்பில். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், நடுவே சாலை. காலையில் போனால் வலை இழுக்கிறவர்களைப் பார்க்கலாம். தெற்கே அஞ்சுதெங்கு. ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி வாங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சின்னக் கோட்டை அங்கே இருக்கிறது. கம்பெனிக்காரர்களின் மிளகு வியாபார அடாவடி தாங்காமல் 1721இல் உள்ளூர்க்காரர்கள் திருப்பி அடித்த ஆற்றிங்கல் கிளர்ச்சி இந்த வட்டாரத்துச் சங்கதிதான். கோட்டைக்குள் பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் அந்த மீனவக் கிராமத்துத் தெருவுக்காகவே போகலாம்.

சிவகிரியைத் தவறவிடாதீர்கள். ஸ்ரீநாராயண குரு 1928இல் மறைந்த இடம், சமாதியும் இங்கேதான். 1925 மார்ச்சில் காந்தி வந்து அவரைச் சந்தித்ததும் இங்கேதான். குமரி மாவட்டத்து மருந்துவாழ்மலையில் தவமிருந்தவர், தமிழிலும் பதிகங்கள் எழுதியவர் என்பதால் நமக்கும் அந்நியர் அல்லர். ஜனார்த்தன சுவாமி கோயிலுக்கு உள்ளே போவதானால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். ஈரக் கால்சட்டையோடு கடற்கரையிலிருந்து நேராக வராதீர்கள்.

படி 11: பணமும் பிணக்கும்

ஒரு சின்னப் பர்ஸில் இருவரும் சம அளவு பணம் போட்டு அன்றாடச் செலவை அதிலிருந்து செய்யுங்கள். தீர்ந்ததும் மறுபடி போடுங்கள். ‘நேத்து யார் கொடுத்தது’ என்ற பேச்சே எழாது. சர்ஃபிங் வகுப்பு, மசாஜ், கடையில் வாங்கும் வெள்ளி மோதிரம் இதெல்லாம் அவரவர் கணக்கு.

ஊர்ப்பக்கம் போகும்போது உடையில் கொஞ்சம் கவனம் இருக்கட்டும். குன்றின் மேல் யாரும் எதையும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதே கேரளம் நாலு தெரு தள்ளிப் பார்த்தால் நம் ஊர் மாதிரியே கட்டுப்பெட்டி. யாராவது வம்புக்கு வந்தால் வாக்குவாதம் வேண்டாம், ஹாஸ்டலுக்கு வந்துவிடுங்கள். பெண்களுக்கான பிங்க் போலீஸ் எண் 1515.

படி 12: கிளம்பும் நாள்

செக்-அவுட் பத்து அல்லது பதினொரு மணிக்கு, ரயில் பிற்பகலிலோ மாலையிலோ. இடைப்பட்ட நேரத்துக்குப் பையை ஹாஸ்டலில் விடுங்கள், மடிக்கணினியையும் பர்ஸையும் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் குளியலை டார்ம் குளியலறையிலேயே முடித்துவிடுவது நல்லது. கடலில் இறங்கி உப்போடு ரயில் ஏறினால் இரவு முழுக்க அரிக்கும். காயாத துணி நிச்சயம் இருக்கும், அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பையைத் தனியாக வைத்திருங்கள். மெத்தை விரிப்பை உருவிப் படுக்கையின் காலடியில் போடுங்கள், லாக்கருக்குள் கைவிட்டுத் துழாவுங்கள், தலைமாட்டுப் பிளக்கில் சார்ஜர் தொங்குகிறதா பாருங்கள். கயிற்றில் காயப்போட்ட துண்டு மாடியிலேயே இருக்கும், அதை எடுக்க யார் போவது என்பதை ஆட்டோ வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.